வேடந்தாங்கலில் பறவைகள் ஜோடி சேர்வதைப் பார்ப்பது எப்படி?

ஐரோப்பாவில் நாரைகள் கூட்டுக்குத் திரும்புவது வசந்தத்தில். நம்மூர் நீர்ப்பறவைகளுக்கு அந்தப் பருவத்தைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. பலர் பொங்கல் விடுமுறையில் வேடந்தாங்கல் போய்க் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்குள் பல இனங்களில் ஜோடி சேரும் கூத்து முடிந்திருக்கும்.

1. தண்ணீரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

ஏரியில் நிற்கும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்தால்தான் பறவைகள் தைரியமாகக் கூடு கட்டும். அதனால் நாட்காட்டியைவிட மழைதான் முக்கியம். நல்ல மழை பெய்த ஆண்டில் நவம்பர், டிசம்பர் சரியான நேரம். மழை பொய்த்தால் வருகையும் குறையும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

2. 8x42 பைனாகுலர் போதும்

8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் அகலம். 10 மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். முதல் தடவை கேமராவை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. படம் எடுப்பவர் பறவையைப் பார்ப்பதில்லை.

3. ஒரே மரம், ஒரே ஜோடி

இருபது இனம் பார்த்தேன் என்று பட்டியல் போடும் ஆசையை ஓரம் வையுங்கள். கரைக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்கடம்பையோ கருவேலத்தையோ பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நில்லுங்கள். ஏரியில் மிதக்கும் ஊசிவால் வாத்துக்குக் கூடு தேட வேண்டாம். அது குளிருக்கு ஒதுங்க வந்தது, முட்டையிடுவது வடக்கே போய்த்தான்.

4. கோலம் மாறியிருக்கிறதா?

கூடு கட்டும் காலத்தில் பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். முதுகில் மெல்லிய நூலிழைபோல் இறகுகள் தொங்கும். உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு படரும். வயலில் தினமும் பார்க்கும் மடையான் கொக்கை அடையாளமே தெரியாது. முதுகு அப்படியே அரக்குச் சிவப்பாகிவிடும்.

5. இனி அசைவுகள்

ஆண் கொக்கு கிளையில் நின்று கழுத்தை நேராக நீட்டி, அலகை வானம் பார்க்க உயர்த்தும். அடுத்த நொடி காலை மடக்கி இறங்கும். முதுகில் தொங்கும் அந்த இறகுகள் விசிறிபோல் விரியும். நத்தைக்குத்தி நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம்; ஜோடி ஒன்றையொன்று வரவேற்பது அலகைத் தட்டித்தான். கரைவரை அந்தச் சத்தம் கேட்கும்.

அப்புறம் சுள்ளியைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஆண் கொண்டுவரும், பெண் வாங்கிச் செருகும். பக்கத்துக் கூட்டில் ஆளில்லை என்றால் அங்கிருந்தே உருவிவரும் கில்லாடிகளும் உண்டு. சண்டை அங்கேதான் தொடங்கும்.

6. சத்தம் வேண்டாம்

பறவை பயந்து எழுந்தால், காகம் வந்து முட்டையைத் தூக்கிவிடும். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் அது.

7. ஒரு மாதம் கழித்து அதே மரத்துக்கு

நத்தைக்குத்தியின் கூட்டில் குஞ்சு இருந்தால் அலகைப் பாருங்கள். பெரியவற்றுக்கு அலகின் நடுவில் இருக்கும் இடைவெளி குஞ்சுக்கு இருக்காது.