டிபிபிசியில் லைப்போசோம் செய்யும்போது எங்கே சறுக்குகிறோம்?

லைப்போசோம் என்றால் கொழுப்புச் சவ்வு சூழ்ந்த நுண்ணிய குமிழி. செல் சவ்வு ஆய்வுக்கென்று செயற்கையாகத் தயாரிக்கும் பாஸ்போலிப்பிட்களில் (சவ்வைக் கட்டும் கொழுப்புகளில்) டிபிபிசி ரொம்பப் பழக்கமானது. பார்க்கச் சாதுவான வெள்ளைப் பொடி. ஆனால் 41 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணை மறந்தால் ஒரு நாள் உழைப்பு வீண்.

அந்த வெப்பநிலைக்குக் கீழே இதன் இரண்டு பால்மிடிக் அமில வால்களும் விறைத்து நெருக்கமாக அடுக்கி நிற்கும். மேலே போனால்தான் தளர்ந்து நகரும். ஆகவே குளோரோஃபார்மில் கரைத்து உலர்த்திய லிப்பிட் (கொழுப்பு) படலத்தில் ஊற்றும் பஃபர் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத நீர்க்கரைசல்) 50 டிகிரி அளவில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அறை வெப்பநிலையில் இருந்த பஃபரை ஊற்றிவிட்டு அரை மணி நேரம் குலுக்குவார்கள். படலம் கண்ணாடியை விட்டு வராது, வந்தாலும் செதில் செதிலாக வரும். குமிழிகளை ஒரே அளவாக்க 100 நானோமீட்டர் துளை வடிகட்டியில் அழுத்தும்போதும் இதே கதைதான். அழுத்தும் கருவியான எக்ஸ்ட்ரூடர் சூடாக இருந்தால் போதாது, சிரிஞ்சும் சூடேற வேண்டும். இல்லையென்றால் வடிகட்டி கிழியும், கையும் வலிக்கும். அழுத்தும் தடவைகளை 11, 21 என்று ஒற்றைப்படையில் முடியுங்கள். அப்போது கலவை எதிர்ப்பக்கச் சிரிஞ்சில் நிற்கும். வடிகட்டியைத் தாண்டாத மிச்சம் அதில் சேராது.

இதே பழக்கத்தை டிஓபிசி என்ற இன்னொரு லிப்பிட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். அதன் நிலைமாற்றம் மைனஸ் 17 டிகிரி அருகில், சூடாக்கவே வேண்டாம். அதற்கு ஆக்சிஜன்தான் எதிரி. வால்களில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால், ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்பி மூடி மைனஸ் 20-ல் வைக்க வேண்டும்.

எந்த லிப்பிட் ஆனாலும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்கக் கூடாது. பொடியில் ஈரம் படியும். 7.34 மில்லிகிராம் டிபிபிசியை 10 மைக்ரோமோல் என்று குறித்துக்கொள்வீர்கள், எடையில் ஒரு பங்கு தண்ணீருடையதாக இருக்கலாம்!

குளோரோஃபார்மையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்காதீர்கள். அவசரத்தில் நான் ஒருமுறை பாலிஸ்டைரீன் குழாயில் ஊற்றினேன். குழாய் கண்முன்னே இளகியது. கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பூசிய மூடி, கண்ணாடிச் சிரிஞ்ச். அவ்வளவுதான்.

அப்புறம் வேக்கம், அதாவது வெற்றிடத்தில் காயவைப்பது. நைட்ரஜன் ஊதியதும் படலம் காய்ந்ததுபோல் தெரியும், குளோரோஃபார்ம் உள்ளே ஒளிந்திருக்கும். வெப்ப மாற்றத்தை அளக்கும் கலோரிமீட்டரில் 41-ல் கூர்மையாக எழ வேண்டிய சிகரம் அகன்று படுத்திருந்தால், வேக்கத்தில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்று முதலில் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள்.