முதற்பல்லுக்கு ஒரு சுளகு கொழுக்கட்டை: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

எங்கள் இளையவளுக்குப் பல் முளைத்த செய்தியை முதலில் சொன்னது ஒரு தேக்கரண்டி. ஏழாம் மாத முடிவில் ஒரு நாள் காலை, குசினி வாசற்படியில் இருந்துகொண்டு அவளுக்குக் குரக்கன் கஞ்சி ஊட்டியபோது, கரண்டியின் விளிம்பு கீழ் முரசில் பட்டு 'டிக்' என்று ஒலித்தது. விரலால் தடவிப் பார்த்தால், அரிசிக் குறுணி அளவில் ஏதோ ஒன்று கூராக நின்றது. மத்தியானத்துக்குள் செய்தி ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. பின்னேரம் தொலைபேசியில் அழைத்த என் மாமியார், சுகம் விசாரிக்கும் முன்னரே, "பல்லுக்கொழுக்கட்டை எப்ப, பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

பிள்ளைக்கு முதற்பல் தெரிந்ததும், அரிசிமாவுக்குள் பயறும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை பிடித்து, அதன் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி அவித்து, பிள்ளையின் தலைக்கு மேலாகச் சொரிவது யாழ்ப்பாணத்து வழக்கம். இப்போது சிலர் இதற்கு மண்டபம் பிடித்து, மூன்று தட்டுக் கேக்கும் பலூன் வளைவும் வைத்து, கொழுக்கட்டையை மட்டும் வெளியில் சொல்லிச் செய்விக்கிறார்கள். அது அவரவர் வசதி. என்னைக் கேட்டால், இது ஒரு குசினியில் இரண்டரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால், அவர்களைச் சேர்த்துக்கொள்ள இதைப்போல வாய்ப்பான வேலையும் இல்லை. அருகில் அம்மாவோ மாமியோ இல்லாமல், முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வழக்கம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சிறிது மாறும். கீழே இருப்பது எங்கள் வீட்டு முறை.

நாளும் நேரமும்

கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டுமே பெரும்பாலும் முதலில் வரும். 6 முதல் 10 மாதத்துக்குள் அவை தெரியத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தும், அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மூன்று வயதளவில் பாற்பற்கள் 20 உம் நிறைந்துவிடும். ஆகவே பல் தெரிந்த மறுநாளே ஓட வேண்டாம். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு பிள்ளையின் கிளினிக் அட்டையையும் ஒருமுறை பாருங்கள். 9 ஆம் மாதத் தடுப்பூசியை அண்டிய நாட்களில் காய்ச்சலும் சிணுங்கலும் இருந்தால், சுளகைக் கண்டதும் பிள்ளை வீட்டை இரண்டாக்கிவிடும்.

நேரத்தைப் பிள்ளையின் நித்திரை தீர்மானிக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் பார்க்கக் காத்திருக்கும் சொந்தங்கள் இருந்தால், பின்னேரம் 5 மணி நல்லது. கோடைகாலக் கணக்கில் அப்போது இலண்டனில் மத்தியானம் 12.30, ரொறொன்ரோவில் காலை 7.30. மூத்தவனுக்கு நாங்கள் காலை 10 மணிக்கு வைத்து, கனடாவிலிருந்த பெரியம்மாவை நடுச்சாமம் கடந்து விழித்திருக்கச் செய்தோம். அவர் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

தேவையானவை

ஏறக்குறைய 50 சிறிய கொழுக்கட்டைக்கு, வறுத்த அரிசிமா 500 கிராம், அவித்த கோதுமைமா 100 கிராம், பயறு (பாசிப்பயறு) 250 கிராம், சர்க்கரை (வெல்லம்) 200 கிராம், ஒரு முழுத் தேங்காய், ஏலக்காய் ஐந்து, உப்பு, கையில் பூசச் சிறிது நல்லெண்ணெய். தேங்காயில் ஒரு பாதி துருவுவதற்கு, மறுபாதி பல்லுக்கு. சர்க்கரைக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால் மணம் வேறாக இருக்கும். இரண்டு குட்டான் வாங்கி, ஓலையை உரித்து இடித்துக்கொள்ளுங்கள். வாழையிலையையும் தேங்காயையும் நாங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கினோம்.

பயறு

முதல் நாள் இரவே இதை முடித்துவிடுவது புத்தி. தாச்சியில் பயற்றை மணம் வரும்வரை வறுத்து, உடைத்து, கோதைக் கொழித்து நீக்கி, கழுவி, அளவான தண்ணீரில் அவியுங்கள். விரலிடையில் வைத்து அழுத்தினால் நசிய வேண்டும், ஆனால் பானைக்குள் குழையக்கூடாது. குழைந்தால் அது கொழுக்கட்டைக்கு அல்ல, பாயசத்துக்குத்தான் உதவும். சர்க்கரையை ஒரு கரண்டி தண்ணீருடன் இளக்கி, மண் இருந்தால் வடித்து, மீண்டும் அடுப்பில் வைத்துத் தேங்காய்ப்பூவையும் பயற்றையும் ஏலக்காய்த் தூளையும் சேர்த்து, ஈரம் வற்றும்வரை கிளறி ஆறவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். இந்தக் கலவையில் ஈரம் மிஞ்சினால் அவியும்போது கொழுக்கட்டை வாயைத் திறந்துகொள்ளும்.

மா

இந்தச் செய்முறையில் பிழை விடக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்பதால், இங்கே சற்று நிற்போம்.

பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்து வறுப்பவர்கள், மாவிலிருந்து ஆவி அடங்கி, அது மணல்போல உதிரத் தொடங்கும்வரை இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுவதுபோல் இழுத்துப் பாருங்கள். இழை அறாமல் விழுந்தால் பதம். கடையில் வாங்கிய வறுத்த மாவென்றால் ஒருமுறை அரித்தெடுத்தால் போதும். அதனுடன் அவித்த கோதுமைமாவையும் கட்டியில்லாமல் அரித்துக் கலந்துவிடுங்கள். அது கொழுக்கட்டை ஆறிய பின்னும் இறுகாமல் இருக்க உதவும்.

இனித் தண்ணீர். மூத்தவனின் பல்லுக்கொழுக்கட்டைக்கு நான் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, யாரோ அழைத்தார்கள் என்று தொலைபேசியை எடுத்தேன். பத்து நிமிடம் கழித்து வந்து, அதே தண்ணீரை ஊற்றிக் குழைத்தேன். உருட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. பிடிக்கும்போது விளிம்பெல்லாம் வெடித்தது. அவித்து எடுத்தபோது பாதிக்கு மேல் நடுவால் பிளந்து, பல்லெல்லாம் கொட்டுண்டு, பொக்கை வாயுடன் கிடந்தன. காரணம் எளியது. கோதுமைமாவில் இழுபடும் பசை தானாகவே உண்டு, அரிசிமாவில் அது இல்லை. கொதிநீர் பட்டு மாவின் ஒரு பகுதி அந்த இடத்திலேயே வெந்து கூழானால்தான் மிச்ச மா அதில் ஒட்டிக்கொள்ளும். ஆறிய தண்ணீரால் அது நடக்காது.

எனவே மாவையும் உப்பையும் அகன்ற சட்டியில் போட்டு அடுப்புக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, தளதளவென்று கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பைக்காம்பால் கிளறுங்கள். 600 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 3 கப் தண்ணீர் செல்லும். ஆனால் ஒரு மா குடிப்பது போல் இன்னொரு மா குடிக்காது. வறுபட்ட அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். மா முழுவதும் நனைந்து உதிரி உதிரியாகத் திரண்டதும் நிறுத்தி, ஈரத்துணியால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில், எண்ணெய் தொட்டு, ஒட்டாமல் திரளும்வரை அழுத்திக் குழையுங்கள். ஓர் உருண்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தட்டையாக்கிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் இன்னும் இரண்டு கரண்டி கொதிநீர் வேண்டும். கையோடு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, சிறிது வறுத்த மா தூவிச் சரிசெய்யலாம்.

பிடித்தலும் பல் வைத்தலும்

சிறிய தேசிக்காய் அளவில் உருட்டி, எண்ணெய் பூசிய வாழையிலைத் துண்டில் வைத்து வட்டமாகத் தட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி பயற்றுக் கலவையை வைத்து, இலையோடு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். ஓரத்தை விரல் நுனியால் அழுத்தி மூடினால் அரைச்சந்திர வடிவம் கிடைக்கும். அதிகம் வைக்க ஆசைப்பட வேண்டாம்.

பல் வைப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தேங்காய்ப் பாதியிலிருந்து சொட்டுகளைக் கீறி எடுத்து, பின்புறத் தோலைச் சீவி, அரிசிப்பல் அளவில் நறுக்குவது மட்டும் பெரியவர் வேலை. கொழுக்கட்டையின் மூடிய விளிம்பில், அவிப்பதற்கு முன்னரே, பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும்படி ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். மா வேகும்போது அது பல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது. அவனுடைய சொந்தக் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. முதலில் வருகிற பல்லே முதலில் விழுகிறது என்பதால், தங்கைக்கு முளைத்த அதே இடத்தில் அண்ணனுக்கு ஆட்டம். அவன் நாக்கால் தன் பல்லை ஆட்டியபடியே வரிசையாகக் குத்திக்கொண்டு போனான். ஒன்றில் பதினொரு பல் வைத்து, "இது முதலை" என்றான். இன்னொன்றில் இரண்டே இரண்டு வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, "இது நான், வாற கிழமை" என்றான். அந்தக் கொழுக்கட்டையைச் சொரியவிடாமல் தனியாக எடுத்து வைத்தும் விட்டான்.

அவித்தல்

இடியப்பத் தட்டிலோ நீராவிச் சட்டியிலோ வாழையிலையைக் கிழித்துப் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, தண்ணீர் கொதித்த பின் 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள். மேற்பரப்பு மினுங்கி, நனைத்த விரலில் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. இந்த நேரத்தில் பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். மூடி திறக்கும்போது அடிக்கும் ஆவி சின்னக் கையைப் பொசுக்கிவிடும். எடுத்ததும் சுளகில் பரப்பி, நன்றாக ஆறவிடுங்கள்.

சொரிதல்

குத்துவிளக்கு, நிறைகுடம், அவற்றின் முன் ஒரு பாய், பாயின் மேல் வெள்ளைத் துணி. பிள்ளையைத் தாயோ அம்மம்மாவோ மடியில் வைத்திருக்க, மாமி முறையானவர் சொரிவது எங்கள் வீட்டு முறை. சுளகு நிறையக் கொட்டுவதைவிட, சிறிய பனையோலைப் பெட்டியில் ஏழெட்டை எடுத்து மெதுவாகச் சரித்துவிடுவது நல்லது. அதற்கு முன், மூத்த பிள்ளைகள் இருவரிடம் இன்னொரு வெள்ளைத் துணியின் இரு பக்கங்களையும் கொடுத்து, குழந்தையின் தலைக்கு மேல் பந்தல்போலப் பிடிக்கச் சொல்லுங்கள். கொழுக்கட்டை துணியில் விழுந்து உருண்டு மடியைச் சுற்றிச் சிதறும், பிள்ளைக்கும் நோகாது. சிதறியவற்றைப் பொறுக்குவதற்கு ஒழுங்கைப் பிள்ளைகளை அழைக்க மறக்கவேண்டாம்; அவர்கள் இல்லாவிட்டால் அரைவாசிக் கொண்டாட்டம் இல்லை.

பிறகு தட்டு. புத்தகம், பேனை, நகை, காசு என்று வைத்து, பிள்ளை எதை முதலில் தொடுகிறது என்று பார்ப்பார்கள். கத்தரிக்கோல் வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு, நான் வைக்கவில்லை. சில்லறைக் காசுக்குப் பதிலாகத் தாள்காசு வையுங்கள். அந்த வயதில் கைக்குப் போவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். எங்கள் வீட்டில் சித்தப்பா இரகசியமாக ஒரு ஸ்டெதஸ்கோப்பை இரவல் வாங்கிவந்து, தட்டில் பிள்ளையின் கைக்குக் கிட்டவாக வைத்தார். இளையவள் அதைத் தாண்டி, புத்தகத்தைத் தாண்டி, தட்டையே தாண்டித் தவழ்ந்துபோய், மாமி கீழே வைத்திருந்த ஓலைப் பெட்டியைப் பிடித்து அதன் விளிம்பைத் தன் ஒற்றைப் பல்லால் கடித்தாள். ஓலை வியாபாரமா, சாப்பாட்டுக் கடையா என்று பெரியவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஒரு கண்டிப்பான சொல்: அன்றைய கதாநாயகிக்குக் கொழுக்கட்டை கொடுக்கவேண்டாம். தேங்காய்ச் சொட்டு இந்த வயதுப் பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியது. ஆசைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், இனிப்புச் சேர்க்குமுன் எடுத்துவைத்த அவித்த பயற்றை நன்றாக மசித்து, நாக்கில் சிறிது தடவலாம். பொறுக்கி முடிந்ததும், பாயின் அடியில் சொட்டு ஏதும் கழன்று கிடக்கிறதா என்றும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

மிஞ்சியது

சொரியாமல் வைத்திருந்ததை அயல் வீடுகளுக்கு அன்றே கொடுத்துவிடுங்கள். தேங்காய்ப்பூ சேர்ந்திருப்பதால் வெளியில் வைத்தால் மறுநாள் புளித்துவிடும். குளிரூட்டியில் வைத்தால் அடுத்த நாளும் ஆவியில் சூடாக்கி உண்ணலாம், ஆனால் பல்லெல்லாம் அப்போது கொட்டும். மாவும் பயறும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து கைக்குள் பிடித்து, விரல் தடம் பதிந்த பிடிக்கொழுக்கட்டையாக அவித்துவிடலாம். மூத்தவன் எடுத்து வைத்த இரண்டு பல்லுக் கொழுக்கட்டை அலுமாரித் தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் எறும்பு கண்டுபிடித்தது. அவனுடைய பல் விழ அதற்குப் பின்னும் பத்து நாள் சென்றது. அதை அணிலுக்கென்று கூரைமேல் எறிந்துவிட்டு வந்து, தனக்கு எப்போது கொழுக்கட்டை என்று கேட்டான். மறுபடியும் பயறு வறுத்தேன்.