கம்யூனிட்டி காலேஜில் பி.எஸ்.: பொதுப் பாடத்தில் கோட்டை விடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளும் பி.எஸ். போன்ற இளநிலைப் பட்டம் தரலாம் என்று 2014-இல் சட்டம் வந்தது. 15 கம்யூனிட்டி காலேஜ்களில் சோதனையாகத் தொடங்கிய இளநிலைப் பட்டங்கள், 2021-இல் ஏ.பி. 927 சட்டத்தால் நிலைபெற்றன. நானும் அப்படிப் படித்தவள்தான். இப்போது சேர வருகிறவர்களுக்கு உதவுகிறேன். போன வாரம் ஒரு பெண், நான் அன்று செய்த அதே தவறோடு வந்து நின்றாள்.

கடைசித் தேதி, விண்ணப்பப் படிவம் பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பலர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அசோசியேட் (இரண்டாண்டு) பட்டத்துக்கான பொதுப் பாடமே போதும் என்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எந்தத் துறை எடுத்தாலும் எல்லோரும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்களின் பட்டியல் ஒன்றல்ல. ஒன்று, அந்தக் கல்லூரியின் அசோசியேட் பட்டத்துக்கு மட்டும் உரியது, சுருக்கமானது. இன்னொன்று பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கானது. 2025 முதல் அதன் பெயர் கால்-ஜெட்சி, 34 யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவு). பி.எஸ்.ஸுக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும்.

"பட்டம் வாங்க இது போதும்" என்று கவுண்டரில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது அசோசியேட்டை, நான் எடுத்துக்கொண்டது பி.எஸ்.ஸை. விண்ணப்பிக்கும்போதுதான் மேடைப் பேச்சு, தர்க்கச் சிந்தனை என்று இரண்டு பாடம் குறைவது தெரிந்தது. வெறும் ஆறு யூனிட்! ஒரே செமஸ்டரில் முடித்தேன். ஆனால் என் பிரிவில் சேர்க்கை வருடத்துக்கு ஒரு முறைதான். முழுதாக ஒரு வருடம் போயிற்று.

முதல் செமஸ்டரிலேயே கல்லூரியின் பாட ஆலோசகரிடம் (கவுன்சிலர்) "பி.எஸ். வரை படிக்கப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாடத் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். பல் சுகாதாரம் போன்ற பிரிவுகளுக்கு உடற்கூறியல், நுண்ணுயிரியல் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். அதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எல்லாத் துறையிலும் பட்டம் உண்டு என்று நம்புவது

இல்லை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே தரும் பட்டத்தை இங்கே தரச் சட்டம் இடம் தராது. ஃபுட்ஹில் கல்லூரியில் பல் சுகாதாரம், பேக்கர்ஸ்ஃபீல்ட் கல்லூரியில் தொழிற்சாலைத் தானியக்கம், சைப்ரஸ் கல்லூரியில் ஈமச்சடங்கு அறிவியல் என்று வேலையை ஒட்டியவைதான் இருக்கும்.

கட்டணக் கணக்கு

மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களுக்குக் கூடுதலாக 84.

பெல் கிராண்ட்டைக் கரைப்பது

பெல் கிராண்ட் என்பது குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பித் தரவேண்டாத உதவித்தொகை. ஆயுளுக்கும் 12 செமஸ்டர் அளவுதான் கிடைக்கும். தேவையற்ற பாடங்களில் அதைக் கரைத்துவிடாதீர்கள்.