பழமையான இடத்துக்குப் பசுமைச் சான்றிதழ்: எங்கே தவறிப்போகிறது?

கோட்டையோ அரண்மனையோ ஓவியக் குகையோ, மக்கள் பார்க்க வரும் பழமையான இடம் எதை நிர்வகித்தாலும் என்றாவது ஒருநாள் ‘நாமும் ஒரு சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கிவிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடும். நல்ல பேச்சுதான். ஆனால் மறுநாளே விண்ணப்பப் படிவத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. முதலில் தேட வேண்டியது பழைய ரசீதுகளை. மின்சாரம், டீசல், எரிவாயு, தண்ணீர், வெளியே போகும் குப்பையின் எடை என்று ஒரு முழு ஆண்டின் கணக்கு கையில் இருக்க வேண்டும். மூன்று மாதக் கணக்கு போதாது, ஏனென்றால் கூட்டம் அலைமோதும் மாதமும் காற்று வாங்கும் மாதமும் ஒன்றல்ல. பல இடங்களில் டிக்கெட் கவுன்டர், உணவகம், கடை, இரவு விளக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்தான் இருக்கும், அப்படியிருந்தால் எதில் எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தனித்தனி மீட்டர் மாட்டுவது பெரிய செலவில்லை, அதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம், எந்த அங்கீகாரம் எதற்கு என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல் 1972ல் நிறைவேறிய ஒப்பந்தத்தின்படி வருவது. அந்த இடத்தின் மதிப்பு உலகம் முழுமைக்கும் உரியது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. அங்கே மின்சாரம் சிக்கனமாகச் செலவாகிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்றெல்லாம் சோதித்துக் கொடுப்பதல்ல. அதனால் அந்தச் சின்னத்தைப் போட்டு ‘பசுமைத் தலம்’ என்று எழுதாதீர்கள். ஐஎஸ்ஓ 14001 சான்றிதழும் உங்களிடம் ஒழுங்கான சுற்றுச்சூழல் மேலாண்மை முறை இருக்கிறது என்றுதான் சொல்லும், இவ்வளவுக்கு மேல் கரியமில வாயு வெளியிடக் கூடாது என்று அதில் வரம்பு கிடையாது. உலக நிலைத்த சுற்றுலா மன்றம் (ஜிஎஸ்டிசி) அளவுகோல்களை வகுக்கிறது, சான்றளிக்கும் அமைப்புகளை அங்கீகரிக்கிறது, நேரடியாக உங்களுக்குச் சான்றிதழ் தருவதில்லை. 1994ல் டென்மார்க்கில் தொடங்கிய கிரீன் கீ என்ற சுற்றுச்சூழல் சான்றிதழ்த் திட்டத்தில் தங்கும் விடுதிகளுக்கு மட்டுமல்ல, பார்வையிடும் இடங்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

விருது தருகிறோம் என்று யார் வந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். நேரில் வந்து சோதிப்பீர்களா, அளவுகோலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறீர்களா, சோதிப்பவரும் எங்களுக்கு ஆலோசனை விற்பவரும் வெவ்வேறு ஆட்களா? விண்ணப்பக் கட்டணம் கட்டி நாமே படிவம் நிரப்பினால் வந்துவிடும் பரிசை வாங்காமல் இருப்பதே நல்லது.

இப்போது கட்டடத்துக்கு வருவோம், எனக்கு அதிகக் கவலை இங்கேதான். சான்றிதழுக்கான அவசரத்தில் பழைய சுவருக்குச் செய்யும் கெடுதலைப் பின்னால் சரிசெய்யவே முடியாமல் போகலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். வெப்பம் வெளியேறக் கூடாது என்று அதன்மேல் சிமென்ட் பூசினாலோ, ஈரம் புகாத பலகையை உள்பக்கம் ஒட்டினாலோ, ஈரம் உள்ளேயே தங்கி உப்பு பூத்துக் கல் உதிரத் தொடங்கும். ரசாயனம் வேண்டாம் என்று வினிகரோ எலுமிச்சையோ கலந்த ‘இயற்கை’ திரவத்தால் பளிங்கையும் சுண்ணாம்புக் கல்லையும் துடைப்பது இன்னொரு கொடுமை. இயற்கையானதாக இருந்தாலும் அது அமிலம், கல்லைக் கரைத்துவிடும். குகைகளில் விளக்கைச் சுற்றிப் பாசி படர்வது பழைய பிரச்சினை, எல்இடி போட்டதால் மட்டும் அது நின்றுவிடாது, ஆள் இல்லாத நேரத்தில் அணைக்கவும் வேண்டும். கோபுரங்களில் குடியிருக்கும் வௌவால்களுக்கும் இரவு முழுக்க எரியும் அலங்கார விளக்கு தொல்லைதான்.

பழைய கட்டடத்தில் எதையுமே செய்ய முடியாது என்று கைவிரிப்பதும் சரியில்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் கூரையில் 2023ல் 438 சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள், வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகுதான் அனுமதியே கிடைத்தது. பாரிஸ் ஈபிள் கோபுரத்தில் 2015ல் வைத்த இரண்டு காற்றாலைகள் ஆண்டுக்குச் சுமார் 10,000 யூனிட் தரும் என்று கணக்கிட்டார்கள். கோபுரத்தின் மொத்தத் தேவையில் அது மிகச் சிறிய பங்கு. கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று வைப்பதில் தப்பில்லை, அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விடுவதுதான் தப்பு. ஒழுகும் குழாயை அடைப்பதும், காலி அறையில் ஓடும் ஏசியை நிறுத்துவதும் போட்டோவில் அழகாக வராது, ஆனால் கணக்கில் வரும்.

அடுத்தது வருகிறவர்களின் எண்ணிக்கை. அங்கீகாரம் கிடைத்தால் கூட்டம் கூடும், அதற்குத்தான் பலரும் அதை விரும்புகிறார்கள். பிரான்சில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை 1948ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்களின் மூச்சுக் காற்றும் ஈரமும் உடல் வெப்பமும் சேர்ந்து ஓவியங்களைக் கெடுக்கவே 1963ல் மூட வேண்டியதாயிற்று. 1983ல் பக்கத்திலேயே ஒரு நகலைத் திறந்தார்கள், அதற்கு வந்த வண்டிகள் குகை இருக்கும் அதே குன்றின்மேல்தான் நின்றன. 2016ல் அடுத்த நகலைக் குன்றின் அடிவாரத்துக்குக் கொண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்ற உச்சவரம்பை விருதை அறிவிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், கூட்டம் வந்த பிறகு குறைப்பது கடினம்.

மக்கள் வந்துபோகும் பயணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எல்லோரும் செய்வது. பெரும்பாலான இடங்களில் மொத்தக் கரியமில வாயு வெளியீட்டில் பெரும்பங்கு அதுதான், வளாகத்துக்குள் எரியும் பல்பு அல்ல. ‘அது எங்கள் கையில் இல்லை’ என்பார்கள், முழுதாக இல்லைதான், ஆனால் கொஞ்சம் இருக்கிறது. பேருந்து வரும் நேரத்துக்கு ஏற்ப நுழைவு நேரத்தை வைக்கலாம், ரயில் டிக்கெட்டோடு வந்தால் கட்டணத்தைக் குறைக்கலாம், சைக்கிள் நிறுத்த நிழலான இடம் தரலாம். மதிலுக்கு வெளியே நடப்பதும் நம் பொறுப்புதான் என்பதற்குத் தாஜ்மகாலைப் பாருங்கள். அதைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தனி மண்டலமாக வைத்து, அங்குள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், முடியாவிட்டால் இடம்பெயர வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வேலை செய்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்பது காவலாளிக்குத் தெரியும், தண்ணீர் எங்கே வீணாகிறது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும், ஆனால் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதில்லை. துப்புரவு ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய பழக்கமெல்லாம் திரும்பிவிடுகிறது, எனவே எந்தப் பொருளை எந்தக் கல்லில் பயன்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, அறிவிப்பில் எழுதும் வார்த்தைகள். ‘முழுப் பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற மொட்டையான சொற்களை ஆதாரமில்லாமல் வணிக விளம்பரத்தில் போடுவதையும், முறையான சான்றளிப்புத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத முத்திரைகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அது 27 செப்டம்பர் 2026 முதல் நடைமுறைக்கு வருவது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அதே ஒழுங்கோடு எழுதலாமே. சான்றிதழ் வளாகம் முழுவதற்குமா, உணவகத்துக்கு மட்டுமா, யார் கொடுத்தது, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு எவ்வளவு குறைந்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை வாசலில் இருக்கும் பலகையிலேயே போடுங்கள். காலாவதி ஆகிவிட்டால் புதுப்பிக்கும்வரை அதைக் கழற்றி வையுங்கள், இணையதளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.