ஃபயர்பவர்: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘ஃபயர்பவர்’ என்று வந்தாலே பலரும் ‘படைபலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். படைபலத்தில் ஆள், கப்பல், விமானம் எல்லாமே அடக்கம். ஃபயர்பவர் அதில் ஒரு பகுதிதான்: எதிரியின் மேல் எவ்வளவு குண்டைக் கொட்ட முடியும், எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு வேகமாக. ‘சுடுதிறன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

இதற்கு எம்டனை விட நல்ல உதாரணம் கிடையாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல்தான். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல் அதை மடக்கியது. எம்டனில் 10 பீரங்கி, சிட்னியில் 8. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எம்டன் கைதான் ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் எம்டனின் பீரங்கி வாய் 10.5 செ.மீ., குண்டு சுமார் 17 கிலோ. சிட்னியுடையது 15.2 செ.மீ., குண்டு 45 கிலோ. ஒரு பக்கமாகச் சுடும்போது இரண்டிலுமே ஐந்தைந்து பீரங்கிதான் பயன்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு அங்கே 85 கிலோ, இங்கே 225! முதலில் குறி தப்பாமல் அடித்தது எம்டன்தான், அதன் மாலுமிகள் அவ்வளவு தேர்ந்தவர்கள். அப்படியும் சிட்னி எட்ட நின்றே அதை நொறுக்கிவிட்டது. இங்கே ‘சிட்னி ஹேட் கிரேட்டர் ஃபயர்பவர்’ என்று தயங்காமல் எழுதலாம்.

அந்த வாக்கியத்தில் ‘எ’ சேர்க்கவில்லை, கடைசியில் ‘ஸ்’ போடவில்லை, கவனியுங்கள். தண்ணீரை எண்ண முடியாதது போலத்தான் இதுவும். ‘மோர்’, ‘சுப்பீரியர்’, ‘ஓவர்வெல்மிங்’ ஆகியவை இதன் முன்னால் இயல்பாக உட்காரும். ஒரே சொல்லாக, நடுவில் இடம் விடாமல் எழுத வேண்டும்.

சிப்பாய்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமா? அதற்கு ‘மேன்பவர்’ அல்லது ‘ட்ரூப் ஸ்ட்ரெங்த்’ இருக்கிறது.

அப்புறம், வணிகப் பக்கங்களிலும் இந்தச் சொல் வரும். இன்னொரு கம்பெனியை வாங்க ஒரு நிறுவனத்தின் கையில் உள்ள பணம்தான் அங்கே ஃபயர்பவர். கால்பந்துச் செய்தியில் வந்தால் கோல் அடிக்கும் திறன். இந்த இரண்டு இடத்திலும் ‘சுடுதிறன்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். ‘பணபலம்’, ‘கோல் அடிக்கும் திறன்’ என்று நேராகவே எழுதிவிடுங்கள்.