விதரிங் விசிறி அதிர்வில் சென்சார் ஓட்டுவது: பீசோ பிளேடை ட்யூன் செய்யும் முறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலை. விதரிங் ட்ரஃப் (பறித்த இலையைப் பரப்பி, விசிறிக் காற்றில் வாடவைக்கும் தொட்டி) அருகே ஈரப்பதம் அளக்கும் சென்சார் ஒன்றை வைத்தேன். பேட்டரி மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. சோலார் வைக்கலாமே என்பவர்கள் ஜூலை மழையில் ஒருமுறை இங்கே வந்து பாருங்கள். விசிறி மோட்டார்தான் பல மணிநேரம் விடாமல் அதிர்கிறதே, அதையே பிடித்துக்கொண்டேன். வளைந்தால் மின்சாரம் தரும் பீசோ தட்டை ஒரு பிளேடில் ஒட்டி, பிளேடின் ஒரு முனையை மோட்டாரோடு சேர்த்து இறுக்க வேண்டும். பிளேடின் சொந்த அதிர்வெண் மோட்டாரின் அதிர்வெண்ணோடு பொருந்தினால்தான் அது நன்றாக ஆடும். அப்படிப் பொருத்துவதுதான் ட்யூன்.

படி 1: அதிர்வெண். மோட்டார் நின்றிருக்கும்போது போனை அதன் பீடத்தில் இறுகக் கட்டுங்கள். பிறகு ஓடவிட்டு, ஃபைபாக்ஸ் செயலியில் முடுக்க ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் 24 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 24 அதிர்வு) பக்கம் ஒரு முகடு தெரியும். 10 நொடியாவது பதிவு செய்தால்தான் 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பிரியும். அது ஏன் முக்கியம் என்பது படி 4-ல்.

படி 2: பிளேடு. ஆக்ஸா பிளேடு போதும். வளையும் ரகம் வாங்குங்கள், முழு விறைப்பு ரகம் பட்டென்று உடையும். 12.5 மி.மீ. அகலம், 0.65 மி.மீ. தடிமன் உள்ள பிளேடைப் பிடிக்கு வெளியே 10 செ.மீ. நீட்டி, நுனியில் 6 கிராம் வைத்தால் கணக்குப்படி 24 ஹெர்ட்ஸ் அருகே வரும். 2011 வரிசை 5 ரூபாய்க் காசு சரியாக 6 கிராம், அதை ஒட்டினேன். 12 மி.மீ. பஸ்ஸர் தட்டுகளை (இவைதான் பீசோ) பிடியை ஒட்டி வையுங்கள், வளைவு அதிகம் அங்கேதான். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அரால்டைட் போடுங்கள். இருபக்க டேப் வேண்டவே வேண்டாம், வளைவையெல்லாம் அதுவே விழுங்கிவிடும்.

தட்டு ஒட்டியதும் பிளேடு விறைத்து அதிர்வெண் ஏறும். ஒரு சின்னக் காந்தத்தை பிளேடில் ஒட்டி நுனிப்பக்கம் நகர்த்தினால் இறங்கும். திருகு, நட்டு எதுவும் இவ்வளவு வசதி இல்லை.

படி 3: லோடு. மல்டிமீட்டரில் வோல்டேஜ் நிறையக் காட்டினால் மகிழாதீர்கள். லோடு இல்லாத வோல்டேஜ் அது, நமக்கு வேண்டியது பவர். பீசோவின் கெபாசிட்டன்ஸை அளந்து, 1-ஐ 2πfC-ஆல் (f அதிர்வெண், C கெபாசிட்டன்ஸ்) வகுத்து வரும் ஓம்ஸ் அளவுள்ள ரெசிஸ்டரைச் சுமையாகப் போட்டுச் சோதியுங்கள். 20 நானோஃபேரட், 24 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 330 கிலோஓம். அப்புறம் எல்டிசி3588 சிப், பீசோ தருவதைத் தேக்கி நிலையான வோல்டேஜாக சென்சாருக்குக் கொடுப்பது. அதில் 3.3 வோல்ட் அவுட்புட் தேர்ந்தெடுத்தால், உள்ளே 5 வோல்ட் அளவு தேங்கிய பிறகே கதவு திறக்கும்.

படி 4: நான் சறுக்கிய இடம். காலி ட்ரஃபில் 24.8 ஹெர்ட்ஸுக்கு அழகாக ட்யூன் செய்தேன். மறுநாள் கொழுந்து ஏற்றியதும் சென்சார் ஊமையாகிவிட்டது. ஒயரைச் சந்தேகித்தேன், சாலிடரைச் சந்தேகித்தேன், இரண்டு நாள் போனது. கடைசியில் போனை மறுபடி கட்டிப் பார்த்தால் 24.3! இலை காற்றைத் தடுக்க, ஆக்சியல் விசிறியின் சுமை கூடி மோட்டார் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் இதே கதைதான். நல்ல பிளேடின் Q (ட்யூன் எவ்வளவு கூர்மை என்று சொல்லும் எண்) 50 என்றால், அது பவர் தரும் அகலம் மொத்தமே அரை ஹெர்ட்ஸ். கூர்மையாக ட்யூன் செய்யச் செய்ய, விலகினால் அடி பலமாக விழும்.

ஆகவே இலை ஏற்றிய நிலையில், வேலை நேரத்தில் அளந்து ட்யூன் செய்யுங்கள். நான் இப்போது இரண்டு பிளேடு வைத்திருக்கிறேன், ஒன்று 24.3-க்கு, மற்றது 24.8-க்கு. இரண்டுக்கும் தனித்தனி டயோடு பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் சுற்று) கட்டாயம். பிரிட்ஜுக்கு முன்பே இணைத்தால் ஃபேஸ் மாறி (ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கி) ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

பின்சேர்க்கை: மேஜையில் சரியாக இருந்தது, மோட்டாரில் மாட்டியதும் அதிர்வெண் இறங்கிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். காந்தம் மோட்டாரின் இரும்பு உடலுக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. அந்த இழுவை பிளேடின் விறைப்பைக் குறைத்துவிடும். பிடிக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து உயர்த்தச் சொன்னேன், சரியாகிவிட்டதாம். கட்டை மட்டும் ஆடாமல் போல்ட்டில் இறுகியிருக்க வேண்டும்.