படத்தை வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படங்களும் சொற்களும் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலைப் பயிலத் தொடங்கியவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது என் பழைய பிழைகளே வேறு கையெழுத்தில் திரும்பி வருகின்றன. பெயரையும் ஆண்டையும் மாற்றி எழுதுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறத்துக்கு அகராதி வைத்திருப்பது

சிவப்பு ஆபத்து, வெள்ளை தூய்மை, நீலம் சோகம் என்று ஒரு பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை அணுகுவதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு. சன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் புகைப்படத்தைப் பற்றி, அதன் நீலச் சாயல் அவளுடைய தனிமையை உணர்த்துகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. பிறகுதான் அத்தொடரின் 12 படங்களையும் ஒருசேரப் பார்த்தேன்; பந்தைத் துரத்தியபடி வாய்விட்டுச் சிரிக்கும் சிறுவன் மீதும் அதே நீலம் படிந்திருந்தது. விளக்கொளிக்கென்று தயாரிக்கப்பட்ட படச்சுருளைப் பகல் வெளிச்சத்தில் பயன்படுத்தினால் எல்லாமே நீலமாகத்தான் வரும்.

படம் எடுத்தவர் அப்படி நினைக்கவில்லை என்பதல்ல என் பிழை. நினைக்காததும் பொருள் தரும். மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூர் 1913இல் இறந்தபின், மாணவர்களின் குறிப்பேடுகளைக் கொண்டு தொகுக்கப்பட்டு 1916இல் வெளியான அவருடைய விரிவுரைகளின்படி, ஒரு குறி தன்னளவில் பொருள் கொள்வதில்லை, அண்டையிலுள்ள குறிகளிலிருந்து வேறுபடுவதாலேயே பொருள் கொள்கிறது. பன்னிரண்டிலும் இருக்கும் நீலம் அந்த ஒருத்தியைப் பற்றித் தனியாக எதைச் சொல்லிவிட முடியும்?

ஐயம் வந்தால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். நீலத்தை நீக்கினாலும் அவளுடைய தனிமை அப்படியே இருந்தது. எதிரே கிடந்த காலி நாற்காலியில் மனத்தால் ஒருவரை உட்காரவைத்ததும் அது போய்விட்டது. அந்த நாற்காலியைப் பற்றி என் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

கண்ணுக்குத் தெரிவதை எழுதுமுன் உட்பொருளுக்குத் தாவுவது

வேண்டாம்.

எல்லாவற்றையும் ‘குறியீடு’ என்பது

அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார்: ஓவியத்தைப் போல ஒப்புமையால் நிற்பது உருக்குறி, காலடித் தடத்தைப் போல நேரடித் தொடர்பால் நிற்பது சுட்டுக்குறி, சொல்லைப் போல வழக்கத்தால் மட்டும் நிற்பதே குறியீடு. புகைப்படம் பொருளைப் போலவும் இருக்கிறது, அப்பொருளின் ஒளி பட்டே உருவாகவும் செய்கிறது என்பதால் அது முதல் இரண்டும் ஆகும். கணினியின் சேமிப்புப் பொத்தானில் உள்ள நெகிழ்வட்டுப் படம் (முன்பு கோப்புகளைச் சேமித்த ஃபிளாப்பி), நெகிழ்வட்டையே கண்டிராதவர்களுக்கு முழுக் குறியீடாகிவிட்டது. மூன்றுக்கும் ஒரே சொல்லைச் சூட்டினால் இந்த இடப்பெயர்ச்சி கண்ணில் படாது.

படத்தின் கீழுள்ள வரியை விட்டுவிடுவது

படம் ஒரே நேரத்தில் பல பொருள்களை மிதக்கவிடுகிறது. அவற்றில் ஒன்றில் வாசகரை நிறுத்தும் எழுத்தின் வேலையைப் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1964இல் நங்கூரமிடுதல் என்றார். காலி நாற்காலி காத்திருப்பாகவும் இருக்கலாம், இழப்பாகவும் இருக்கலாம். நான் எழுதிய அந்தப் படத்தின் கீழே, ‘விருந்தினரை வழியனுப்பிய பின்’ என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது.